கண்ணன் முன் ஒரு தட்டு
கோகுலாஷ்டமிக்குச் சீடையும் முறுக்கும் போதும் என்பது தந்தையாரின் தீர்ப்பு. தாயாரோ மைதா, நெய், பொடித்த சர்க்கரை மூன்றையும் பிசைந்து, இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடியின் மேலும் தணலிட்டு நெய் பிஸ்கோத்து சுடுவார். முட்டை கிடையாது, ஏலக்காய் மணம் தெருக்கோடி வரை எட்டும். மணல் நன்கு காயுமுன் தட்டை வைத்தால் நெய் உருகி ஓடிவிடும். அதற்குப் பொறுமை வேண்டும்.

“இதுவும் ஒரு நைவேத்தியமா?” என்று தந்தையார் சினந்த ஆண்டில், “வெண்ணெய் உண்ட கண்ணனுக்கு நெய் ஆகாதோ?” என்றார் தாயார். ஆயினும் தட்டு பூஜையறைக்குள் செல்லவில்லை. அதன்பின் அவர் பிஸ்கோத்து சுடவேயில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

சென்ற அஷ்டமியன்று பேத்தி மின் அடுப்பில் சுட்டு எடுத்து வந்து, “தாத்தா, சுவாமிக்கு வைக்கலாமா?” என்றாள். தட்டை வாங்கிச் சீடைக்கு அருகில் நானே வைத்தேன்.