மேடை கட்டியவனுக்கு டிக்கெட் உண்டா?

“வயிற்றுப் பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போனவனுக்குப் பாட்டுக் கச்சேரி ஒரு கேடா?” இந்தக் கேள்வி திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் இன்று பல வீட்டுத் திண்ணைகளில் எழுந்துகொண்டிருக்கிறது. செங்கத்திலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும், இருக்கிற காணி நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போயிருக்கிற வாலிபர்கள், அங்கே ரஹ்மான் கச்சேரிக்கோ அனிருத் கச்சேரிக்கோ போய் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பார்த்த தகப்பனாருக்கு ஆத்திரம் பொங்குகிறது. படம் வட்டிக்காரன் கண்ணிலும் பட்டுவிடுகிறது. “கச்சேரிக்குக் காசிருக்கிறது, வட்டி கட்டக் காசில்லையா?” என்று மறுநாள் காலையிலேயே வாசலில் வந்து நிற்கிறான்.

வட்டிக்காரனுக்குப் பதில் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் அந்தத் தகப்பனாருக்கு, வெயிலில் முதுகு கருகக் கரும்பு வெட்டிப் பிள்ளையை வளர்த்த அந்த மனிதருக்கு, நாம் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

ஐயா, உங்கள் மகன் என்ன குற்றம் செய்துவிட்டான்? ஒரு சாயங்காலம் பாட்டுக் கேட்டான். அவ்வளவுதானே! செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தைக்கிற பெண்ணானாலும், ஆரணி அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஆளானாலும், சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறவனானாலும், உழைக்கிற மனிதன் மாடல்ல. “எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மிச்சம் எட்டு மணி நேரம் எங்கள் விருப்பம்” என்று சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்களே, அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் அடங்கியதுதான் பாட்டும் கூத்தும். அதைக் கேட்டு வாங்கத்தான் சிக்காகோவில் 1886-ல் ரத்தம் சிந்தினார்கள்.

இதற்காகக் கச்சேரிக் கம்பெனிக்காரர்களுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த வியாபாரத்தின் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம்.

2024 மார்ச் மாதம் சிங்கப்பூரில் காலாங் பகுதியிலுள்ள தேசிய அரங்கத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கப் பாடகி ஆறு இரவுகள் பாடினார். அரங்கத்தில் சுமார் 55,000 பேர் உட்காரலாம். மிகக் குறைந்த டிக்கெட் 108 வெள்ளி. மிக உயர்ந்தது 1,228 வெள்ளி. அங்கே கட்டட வேலை செய்கிற நம் ஆட்களின் அடிப்படைக் கூலி நாளொன்றுக்கு 18 வெள்ளி, 20 வெள்ளி என்பது பரவலாகத் தெரிந்த கணக்கு. அப்படியானால் கடைசி வரிசையில் ஒரு மூலையில் உட்காரவே ஒருவன் ஆறு நாள் உழைக்க வேண்டும். முன் வரிசை மரியாதைக்கு இரண்டு மாதம், வாய்க்கு ஒரு பிடி சோறுகூடப் போடாமல் உழைக்க வேண்டும்!

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தென்கிழக்கு ஆசியாவில் வேறெந்த நாட்டிலும் அந்தப் பாடகி பாடாமலிருக்க சிங்கப்பூர் சர்க்கார் பணம் கொடுத்துவிட்டது என்று தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரேத்தா தவிசின் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ஊக்கத்தொகை கொடுத்தது உண்மைதான், அதில் பகைமை ஒன்றுமில்லை என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் பதில் சொன்னார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் சந்தை பிடிப்பது போலப் பாட்டுக்கும் சந்தை பிடிக்கிற காலம் வந்துவிட்டது. விமானக் கம்பெனிக்கும் ஹோட்டல்காரருக்கும் கொள்ளை லாபம். அந்த நகரத்தின் கட்டடங்களையும் சாலைகளையும் எழுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளிக்கு? அந்த ஆறு இரவுகளும் அவன் வழக்கம்போல லாரியின் பின்தட்டில் உட்கார்ந்துதான் விடுதிக்குத் திரும்பினான்.

பிழைக்கப் போகிறவர்களுக்கு அந்த நாடுகளில் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். வங்கியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர் ‘எக்ஸ்பாட்’. சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குகிறவன் ‘ஒர்க்கர்’. இருவரும் ஒரே விமானத்தில் சென்னையிலிருந்து போனவர்களாக இருப்பார்கள். ஒரே பாட்டை முணுமுணுத்தவர்களாகவும் இருப்பார்கள். ஆனால் முன்னவர் பெண்டு பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமைதோறும் கச்சேரிக்கும் போகலாம். பின்னவன் ‘ஒர்க் பெர்மிட்’ ஆள். குடும்பத்தை அழைத்து வரச் சட்டமே இடம் தராது. டிக்கெட் வாங்கக் காசு சேர்த்தாலும், லீவு கிடைக்க வேண்டும். லீவு கிடைத்தாலும், திரும்பி வர நேரம் பார்க்க வேண்டும்.

கொரோனா நாட்களை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் மூன்று லட்சத்து இருபத்து மூவாயிரம் பேர். அந்த வருஷ முடிவில் சர்க்காரே வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 சதவிகிதம் பேருக்கு நோய் தொற்றியிருந்தது. ஊரடங்கு தளர்ந்து நகரத்தார் கடைக்கும் கடற்கரைக்கும் போன பிறகும், விடுதிக்காரனுக்கு வெளியே போக அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2022 ஜூனில் அதை விலக்கினார்கள். அப்போதும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் போக வேண்டுமானால் தனியாக ஒரு பாஸ் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். சிராங்கூன் சாலையில் நின்று ஒரு டீ குடிக்கப் பாஸ்! இப்படி இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தவன், கதவு திறந்ததும் ஆயிரம் பேரோடு சேர்ந்து நின்று தமிழில் ஒரு பாட்டை உரக்கப் பாடவேண்டும் என்று ஏங்கினால், அதை ஊதாரித்தனம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை பனையூரில் ரஹ்மான் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் அவதிப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 2024 பிப்ரவரி 9-ம் தேதி முற்றவெளி மைதானத்தில் ஹரிஹரன் பாட வந்தபோது, காசு கொடுத்தவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தடுப்புக்கு அப்பால் நிற்குமிடம் என்று வைத்தார்கள். கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நிகழ்ச்சி நடுவில் நின்றது. “நாகரிகமில்லாத ஜனங்கள்” என்று மறுநாள் பலர் எழுதினார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த ஜனங்களின் மைதானத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் வேலி போட்டவர்களின் நாகரிகத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

லண்டனில் 2017 ஜூலையில் நடந்தது வேறு ரகம். வெம்பிளியில் ரஹ்மான் தமிழ்ப் பாட்டு அதிகம் பாடிவிட்டார் என்று இந்திக்காரர்கள் சிலர் எழுந்து போய், பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். அன்று பாடியதில் இந்திப் பாட்டுகளே கூடுதல் என்று எண்ணிக் காட்டியவர்களும் உண்டு. கை நிறையச் சம்பாதிக்கிறவர்களின் துயரம் இப்படியிருக்கிறது, போகட்டும்.

நம் தோழர்களிலேயே ஒரு சிலர் வேறொரு ஆட்சேபணை கிளப்புகிறார்கள். “பாப் என்றும் ராக் என்றும் சொல்கிற இந்தக் கூச்சல் எல்லாம் முதலாளித்துவச் சீரழிவு, பாட்டாளிக்கு இது எதற்கு?” என்கிறார்கள். கூச்சல் இல்லாமலில்லை. ஆனால் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிணற்றில் போடுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ‘சுராங்கனி’ பாடி இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சாதாரண ஜனங்களைத் துள்ளவைத்த ஏ.ஈ.மனோகரன் பாடியதும் பொப்பிசைதான். 2021-ல் உலகமெங்கும் ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யும் அந்த ரகம்தான். அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, தோட்டத் தொழிலாளரில் ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று தேங்காயைப் பங்கு போடுவது போலப் பங்கு போட்டார்களே, அந்த ஒப்பந்தத்தின் கண்ணீர் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. கிடாரோடும் வரட்டும், பறையோடும் வரட்டும். பாட்டு யாருடைய வாழ்வைச் சொல்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இங்கே பால் ரோப்சனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்த மாபெரும் பாடகர் தொழிலாளர் பக்கமும் சமாதானத்தின் பக்கமும் நின்றார் என்பதற்காக 1950-ல் அமெரிக்க சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டது. கனடாவில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அழைத்தும் போக முடியவில்லை. என்ன செய்தார்? 1952 மே 18-ம் தேதி, எல்லைக் கோட்டின் இந்தப் பக்கத்தில் ஒரு லாரியை நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று பாடினார். அந்தப் பக்கத்தில் ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் புல்வெளியில் உட்கார்ந்து கேட்டார்கள். 1957-ல் பிரிட்டனில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்குக் கடலடி டெலிபோன் கம்பி வழியாகவே பாடினார்.

பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்த பிறகு, 1960 நவம்பரில் ஆஸ்திரேலியா போனார். சிட்னி நகரத்தில் அப்போதுதான் அந்தப் பெரிய ஆபெரா மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் நேராக அந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே போனார். தலைக்கவசம் போட்ட தொழிலாளர்கள் சாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கேட்க, இரும்புக் கம்பிகளுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் நின்று பாடினார். 1915-ல் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கப் பாடகன் ஜோ ஹில்லைப் பற்றிய பாட்டும் அதில் ஒன்று. அந்த மாளிகை 1973-ல்தான் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணி வந்து திறந்துவைத்தார். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே, கட்டுகிறவர்களுக்காக, டிக்கெட் இல்லாத முதல் கச்சேரி அங்கே நடந்து முடிந்துவிட்டது! இன்று சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் தனி விமானத்தில் வந்து இறங்குகிற பாடகர்களில், சாரத்தின் அடியில் போய் ஒரு பாட்டுப் பாட எத்தனை பேருக்கு மனம் வரும்?

துபாய் லேபர் கேம்ப்களில் இந்திப் பாட்டுப் போட்டி நடத்தினார்கள். அதைப் பற்றி 2013-ல் ‘சேம்ப் ஆஃப் தி கேம்ப்’ என்று ஒரு படமே வந்தது. பகலெல்லாம் வெயிலில் வெந்துவிட்டு, இரவில் பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில் கட்டிலோரம் உட்கார்ந்து பாடிப் பழகுகிறவனின் குரல் எந்த மேடைக் குரலுக்கும் குறைந்ததல்ல. பணம் அனுப்பும் கம்பெனி விளம்பரத்துக்காகத்தான் மேடை போடுகிறது. அது தெரிந்த சங்கதி. ஆனால் மேடையில் நிற்பவன் நம் ஆள்.

நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை ஜில்லாவில் பாட்டுக்கு டிக்கெட் என்பதே நேற்று வந்த வழக்கம். பாரதக் கூத்து என்றால் பத்து நாளானாலும் விடிய விடிய ஊரே களத்து மேட்டில் உட்கார்ந்து கேட்கும். புரிசைக் கூத்துக்காரர்கள் கடல் தாண்டிப் போய் ஆடிக் காட்டியவர்கள். அவர்களும் இந்த ஜில்லாவின் மண்ணில் விளைந்தவர்கள்தான். முற்போக்கு எழுத்தாளர்கள் இங்கே நடத்திய கலை இலக்கிய இரவுகளில், பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை கலையாமல் இருந்த கூலிக்காரர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். தீபத் திருநாளில் கோயிலுக்குள் போகச் சிறப்புக் கட்டணச் சீட்டு உண்டு. வீதியில் நாதஸ்வரம் கேட்க இன்னும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அந்த நாதஸ்வரத்தை நம் தோளோடு தோள் உரசி நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நன்றாகக் கேட்கட்டும். நம் பையன் அவர்கள் ஊர் போன்ற ஊர்களில் நிற்கும்போது அவனுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று நாம் கேட்பதில் தப்பென்ன?

ஆகவே தகப்பனாரே, கடனைப் பற்றி மகனிடம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே டிக்கெட்டில் ஒரு மாதக் கூலியைக் கரைத்தால் கண்டிக்கவும் செய்யுங்கள். ஆனால் அவனுடைய முதுகை முறிப்பது கச்சேரி டிக்கெட் அல்ல, ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் அதன் வட்டியும்தான். ஒரு பாட்டுக்கு ஆத்திரப்படுகிற நாம், அந்த லட்சங்களை எண்ணிக் கொடுத்தபோது வாய் திறந்தோமா?

மார்கழி, தை மாதங்களில் லீவில் பலர் ஊர் திரும்புவார்கள். சங்கக் கிளைகளும் வாலிபர் சங்கத்தாரும் அவர்களை ஒரு சாயங்காலம் கூட்டி உட்காரவைக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு, ஓவர்டைம் மாதம் 72 மணிக்கு மேல் கூடாது; இது நடக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ரசீது உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். அவர்களில் பாடத் தெரிந்தவர்கள் யார் யார் என்றும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தை மாதத்தில் நாம் மேடை போடும்போது ஆள் தேவைப்படும்.