காட்டுக் காளானும் ஊர்ப் பழக்கமும்



பருவமழை தொடங்கியவுடன் ராஞ்சிச் சந்தைகளிலும் பஸ்தர் பகுதியின் வாரச் சந்தைகளிலும் மண் ஒட்டிய சிறு உருண்டைகளை விற்பதை, அப்பக்கங்களில் குடியேறியுள்ள நம்மவர் கண்டிருப்பீர்கள். ஜார்க்கண்டில் அதற்கு ருக்டா என்று பெயர். பஸ்தரில் போடா என்பர். (புதிதாய்ச் சென்ற தமிழர் திடுக்கிடுவது இயல்பே!) சால மரத்தின் வேரோடு உறவு கொண்டு மண்ணுக்குள் வளரும் காளான் அது. வயலில் பயிரிட இயலாததால் ஆட்டிறைச்சிக்கு நிகராக விலை ஏறும். சமைக்குமுன் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பாருங்கள். இளம் ருக்டாவின் உட்புறம் வெண்மையாக ஒரே சீராக இருக்கும். முற்றியதில் கருந்தூள் இருக்கும். வெட்டிய முகத்தில் சிறு குடையும் தண்டும் வரைந்தாற்போலத் தென்பட்டால், அது இன்னும் விரியாத நச்சுக் காளானாக இருக்கக்கூடும். எறிந்துவிடுங்கள்.

சந்தையில் வாங்குவதைவிட, புதிய ஊரின் காட்டோரத்தில் தாமே பறிப்பதில்தான் ஆபத்து மிகுதி. ஊரில் நாம் அறிந்த வைக்கோற் காளானும், டெத் கேப் எனப்படும் கொடிய காளானும் இளம் பருவத்தில் முட்டை வடிவாய் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிற்கும் அடியில் பை உண்டு. டெத் கேப்பின் தண்டில் மெல்லிய வளையம் இருக்கும், குடையின் அடிமடிப்புகள் வெண்மையாகவே நிற்கும். வைக்கோற் காளானில் வளையமில்லை. முதிர்ந்ததும் மடிப்புகள் இளஞ்சிவப்பாகும். ஆயினும் மழையில் வளையம் உதிர்ந்துபோவதுண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2012 புத்தாண்டையொட்டிய விருந்தில் டெத் கேப்பை உண்டு இருவர் மாண்டனர். சமைத்தவர் தொழில்முறைச் சமையற்காரர் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் மேல் அசாமில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில், காட்டுக் காளானை உண்டு 13 பேர் சில நாட்களுக்குள் உயிரிழந்தனர்.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்தது நல்லது என்றெல்லாம் சொல்லப்படுபவை அனைத்தும் வீண் நம்பிக்கைகள். டெத் கேப்பின் நஞ்சு கொதித்தாலும் உலர்த்தினாலும் அழியாது. ருசியும் எச்சரிக்காது.

அதைவிடக் கொடியது அதன் தாமதம். உண்டபின் ஆறு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பின்பு கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். மறுநாள் அவை தணியும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும், வீட்டாரும் ஆறுதலடைவர். அந்நேரத்தில் கல்லீரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண்கள் மஞ்சளிக்கும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

ஆகவே காட்டுக் காளானை உண்ட பல மணி நேரத்திற்குப்பின் வாந்தி கண்டால், தணியுமெனக் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கே விரையுங்கள். உண்ட நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். மீந்த காளானையோ, தூக்கி எறிந்த தோலையோ பாலிதீன் பையில் இடாமல் காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒரே சட்டியிலிருந்து உண்ட மற்றவர்களும், நலமாயிருந்தாலும், உடன் செல்லவேண்டும்.