கதவுச் சிலந்திக்குப் பெயர் மாறினால் உழவருக்கு என்ன?

பல ஆண்டுகளாக மண்வெட்டி படாத ஓடைக்கரையிலோ, மேட்டாங்காட்டு வரப்பின் சரிவிலோ நாணயம் அளவுக்கு ஒரு வட்டக்கோடு தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். மண்ணும் பாசியும் ஒட்டிய சிறு மூடி அது. மேல்பக்கத்தில் பட்டு இழையால் ஆன கீல் இருக்கும். உள்ளே விரல் பருமனுக்கு ஒரு வளை, சுவர் முழுக்க வெள்ளைப் பட்டுப் பூச்சு. ஆள் அரவம் கேட்டதும் கதவை உள்ளிருந்து காலால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிலந்தி அதற்குள் குடியிருக்கிறது. ஆங்கிலத்தில் ட்ராப்டோர் ஸ்பைடர் என்பார்கள். நாம் கதவுச் சிலந்தி என்றே வைத்துக்கொள்வோம்.

கடந்த சில ஆண்டுகளில் இந்தச் சிலந்திகளின் வகைப்பாடு தலைகீழாக மாறியிருக்கிறது. 2018-இல், டெனிசிடே என்ற பழைய குடும்பத்திலிருந்து ஒரு பெரிய பகுதி பிரிக்கப்பட்டு ஹாலோனோப்ராக்டிடே என்ற தனிக்குடும்பம் ஆனது. 2020-இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு ஒன்று மூன்று புதிய குடும்பங்களை உருவாக்கி, ஐந்து துணைக்குடும்பங்களைக் குடும்பங்களாக உயர்த்தியது. பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்த பட்டியல் இன்று செல்லாது.

ஆய்வகத்துக்காரர்கள் பெயரை மாற்றினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் ஊரின் நிலத்தைக் காக்க வேண்டிய நாளில் பெயர்ப்பட்டியலுக்கு ஒரு பலம் உண்டு என்பதை நாம் அண்மையில்தான் பார்த்தோம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவை அதற்கான காரணங்களில் பேசப்பட்டன. பின்னர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மக்கள் போராடியபோது அந்த அறிவிப்பு முக்கியமான வாதமாக நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பெயர் தெரிந்த உயிர்கள் இருந்ததால்தான் அவற்றைப் பட்டியலில் எழுத முடிந்தது. பெயர் தெரியாதவை அங்கும் இருக்கின்றன, உங்கள் ஊரிலும் இருக்கின்றன.

ஒரே தொழில், வேறு வேறு வம்சம்

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட சிலந்திகள் 50 ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மைகலோமார்ஃபே என்ற பழமையான பிரிவில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கதவுச் சிலந்திகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. வீட்டுச் சுவரில் வலை கட்டும் சிலந்திக்கு நச்சுப்பற்கள் இடுக்கிபோல் ஒன்றை ஒன்று நோக்கி மூடும். இவற்றுக்கோ இரண்டு பற்களும் கடப்பாறைபோல் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள் இருக்கும். வளை தோண்டும் வகைகளில் பலவற்றுக்குத் தாடையின் முன்புறத்தில் தடித்த முட்கள் வரிசையாக இருக்கும். மண்ணைப் பெயர்க்க அதுதான் அவற்றின் களைக்கொத்து.

குழப்பம் தொடங்குவது கதவில். கதவு வைத்திருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று முன்னோர் கருதினார்கள். அது தச்சு வேலை செய்பவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள் என்பது போன்றது. மண்ணுக்குள் வாழும் உயிருக்கு வாசலை மூடிக்கொள்வது வெள்ளம், வெயில், எதிரி என எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. ஆகவே உறவில்லாத பல வம்சங்களில் கதவு தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் வாழும், சிலந்திகளிலேயே மிகப் பழைய கிளையான லிஃபிஸ்டிடே குடும்பத்துக்கும் கதவு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஓநாய்ச் சிலந்திகளில் சிலவும் கதவு வைக்கின்றன. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்காவிலும் காணப்படும் சைக்ளோகாஸ்மியா வளையின் அடியிலும் தன்னைக் காத்துக்கொள்ளும். அதன் வயிற்றின் பின்முனை வட்டத் தகடுபோல் கெட்டியானது. எதிரி துரத்தினால் தலைகீழாக இறங்கி, வளையின் ஒடுங்கிய இடத்தைத் தன் பின்பகுதியாலேயே தக்கை போட்டதுபோல் அடைத்துவிடும்.

நம் பக்கத்தில் முக்கியமானது இடியோபிடே குடும்பம். உலகெங்கும் 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்டது. இடியாப்ஸ், ஹெலிக்மோமெரஸ் என்ற இரு பேரினங்கள் இந்தியாவில் உண்டு. ஹெலிக்மோமெரஸ் இலங்கையிலும் உண்டு. இடியாப்ஸை அடையாளம் காணக் கண்களைப் பார்க்க வேண்டும். எட்டுக் கண்களில் ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றை விட்டு விலகி முகத்தின் முன்விளிம்பில் இருக்கும். கோனோதீலி என்பது இப்போது ஹாலோனோப்ராக்டிடே குடும்பத்தில். மண்சரிவிலும் மரப்பட்டையிலும் குட்டையான வளை கட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள சாசோன், பாரிசெலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணைத் தோண்டாமல் மரப்பட்டையில் சிறு கூடு கட்டி, இரு முனையிலும் கதவு வைக்கும். ஒரு கதவைத் தட்டினால் மறு கதவு வழியே போய்விடலாம்.

இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வைத்தது வெள்ளையர் காலத்தில். போகாக் 1900-இல் எழுதிய நூலும், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியின் கட்டுரைகளும்தான் இன்றும் அடித்தளம். சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய இடியாப்ஸ் மெட்ராசென்சிஸை 1977-இல் திகாதர் விவரித்தார். பிறகு நீண்ட இடைவெளி. 2000-க்குப் பிறகுதான் வேலை மீண்டும் சூடுபிடித்தது. கோவையிலிருந்து வெளிவரும் ஆய்விதழுக்கு அதில் நல்ல பங்கு உண்டு. மும்பையின் பெயரில் இடியாப்ஸ் பாம்பேயென்சிஸ் 2005-இல் வந்தது. பெருநகரத்தின் பெயரிலேயே புதிய சிற்றினம் ஒன்று அவ்வளவு தாமதமாக வருகிறது என்றால், நம் கிராமங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கோதுமை நாட்டின் பாடம்

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை மண்டலம். கடந்த நூற்றாண்டில் அங்கே இயற்கைப் புதர்க்காட்டின் பெரும்பகுதியை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். ஆழவேர் மரங்கள் போனதும் நிலத்தடி நீர் மேலெழுந்து உப்பைக் கொண்டுவந்தது. விளைநிலத்தின் ஒரு பகுதி உவர் நிலமானது வேறு கதை. காடு துண்டு துண்டாக எஞ்சியது. கதவுச் சிலந்திகளும் அந்தத் துண்டுகளுக்குள் ஒடுங்கின.

அந்த மண்டலத்திலேயே ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர் பார்பரா யார்க் மெயின். 1974-இல் ஒரு சிறிய காப்புக்காட்டில் கையஸ் வில்லோசஸ் என்ற கதவுச் சிலந்தியின் வளைகளுக்கு எண்ணிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினார். 16-ஆம் எண் வளையில் இருந்த பெண் சிலந்தி 2016 வரை அதே வளையில் வாழ்ந்தது. அதன் வயது 43. உலகில் பதிவான சிலந்திகளில் அதுவே மிக நீண்ட ஆயுள். கடைசியில் ஒரு வேட்டைக் குளவி கதவைத் துளைத்திருந்தது.

43 ஆண்டுகளும் ஒரே குழி. ரோட்டவேட்டர் ஒருமுறை போனால் அந்தக் கணக்கு முடிந்தது.

சட்டப் பாதுகாப்பு அங்கே இருந்தது. ஆனால் அது இடியோசோமா நைக்ரம் என்ற ஒரே பெயருக்குத்தான். அந்தப் பெயரில் பரந்த நிலப்பரப்பில் ஒரு சிற்றினம் வாழ்கிறது என்று நம்பினார்கள். 2018-இல் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கூட்டத்திலிருந்து 15 புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. உண்மையான நைக்ரம், கோதுமை மண்டலத்தின் சிதைந்துபோன ஒரு பகுதிக்குள் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்தது. பரவலாக இருக்கிறது என்று எண்ணியது உண்மையில் சிறு சிறு குடிகளின் தொகுப்பு. ஒரு குன்றை அகற்றினால் ஒரு சிற்றினமே போய்விடலாம். பழைய பெயரை வைத்துப் பார்த்தால் அது இழப்பாகவே தெரியாது. "மற்ற இடத்தில்தான் இருக்கிறதே" என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

இப்படிச் சிறு சிறு குடிகளாக இருக்கக் காரணம் குஞ்சுகளின் நடை. நெல் வயலில் நாம் நன்மை செய்யும் சிலந்தி என்று பயிற்சி கொடுக்கும் ஓநாய்ச் சிலந்தி, குஞ்சுகளை முதுகில் சுமக்கும். வளர்ந்த குஞ்சு இழையைக் காற்றில் விட்டுப் பறந்துபோகும். அதனால்தான் உழவு முடிந்து நடவு செய்த வயலுக்கு அது விரைவில் திரும்பிவிடுகிறது. கதவுச் சிலந்திக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பறப்பதில்லை. தாய் வளைக்குச் சற்றுத் தள்ளி நடந்துபோய்த் தனக்கொரு குழி தோண்டும். கோனோதீலி போன்ற ஒரு சில மட்டுமே விலக்கு. எனவே ஓர் ஆறோ, அகலமான உழவு நிலமோ குறுக்கே வந்தால் இருபுறமும் தனித்தனி வம்சமாகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரபணு மட்டும் வேறு சொல்லும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கதவுச் சிலந்தியை இயற்கைப் பூச்சிக்கொல்லி என்று துண்டறிக்கை அடிக்க வேண்டாம். இரவில் வாசலருகே நடக்கும் எறும்பு, வண்டு, பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும், அவ்வளவே. உங்கள் பருத்தியையோ மக்காச்சோளத்தையோ அது காப்பாற்றாது. நம் விரிவாக்கப் பிரசுரங்களில் எல்லாச் சிலந்திகளையும் ஒரே வரியில் "நண்பன்" என்று எழுதும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஓநாய்ச் சிலந்திக்கு மருந்தடிப்பைக் குறைத்தால் போதும். கதவுச் சிலந்திக்கு வேண்டியது நீண்ட காலம் கலையாத மண். ஒன்றுக்கான பரிந்துரை மற்றதற்குப் பொருந்தாது. வகைப்பாடு தெரிய வேண்டியது இதற்காகத்தான்.

பதிவேட்டில் ஒரு வரி

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் எழுதப்பட்டன. நான் புரட்டிப் பார்த்த சிலவற்றில் நெல் ரகங்களும் மூலிகைகளும் ஓரளவு உண்டு. சிலந்தி என்ற இடத்தில் "சிலந்தி" என்று மட்டுமே இருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, கெடு அப்படி. ஆனால் பதிவேட்டைத் திருத்தவும் சேர்க்கவும் வழி இருக்கிறது. வேளாண் உதவி அலுவலர்களும் களப்பணியாளர்களும் நினைத்தால் முடியும்.

எங்கே தேடுவது? ஆண்டுதோறும் வெட்டிச் சீவும் நன்செய் வரப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கோவில்காடு, மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைக்கரை, பழைய வண்டிப்பாதையின் மண்சுவர், கொங்குப் பகுதியில் கிளுவை வேலி போட்ட கொறங்காடு ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 5 ஹெக்டேருக்கும் குறைவான வீரகோவில் காடு 2025-இல் பாரம்பரியத் தலமானது. பரப்பு சிறிது என்பது தடையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கதவுச் சிலந்திக்கும் பரப்பு பெரிதாக வேண்டியதில்லை. சாலை அகலப்படுத்த ஜேசிபி வரும் முன் சரிவுகளை ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. தூர்வாரும்போது கரையின் வெளிச்சரிவைத் தேவையில்லாமல் சீவாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

வளையைக் கண்டால் தோண்ட வேண்டாம். குச்சியால் கதவை நெம்பவும் வேண்டாம். கீல் அறுந்தால் மழையில் வளை கெடும். விரலையும் உள்ளே விடாதீர்கள். நம் ஊர்க் கதவுச் சிலந்தி துரத்தி வந்து கடிக்காது, ஆனால் பல் பெரிது, வலிக்கும். மூடியின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். சரிவு எந்தத் திசை பார்த்திருக்கிறது, மண் செம்மண்ணா கரிசலா, மூடி தக்கைபோல் தடிப்பா அல்லது காகிதம்போல் மெல்லியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர் கண்ணில் படும்.

ஒன்று மட்டும் மழைக்காலத்துக்கென்று உண்டு. பெண் சிலந்தி வளையை விட்டு வருவதே அரிது. ஆணோ முதிர்ந்ததும் வளையை விட்டுவிட்டுத் துணை தேடி அலையும், பெரும்பாலும் நல்ல மழைக்குப் பின். கிணற்றுத் தொட்டியிலும் மோட்டார் அறையிலும் கறுத்து மினுங்கும், கால் நீண்ட சிலந்தி ஒன்று விழுந்து கிடந்தால் பெரும்பாலும் அதுவாக இருக்கலாம். நம் இடியாப்ஸ் சிற்றினங்கள் பலவற்றை இதுவரை பெண்ணை மட்டும் வைத்தே விவரித்திருக்கிறார்கள். சிற்றினத்தைப் பிரித்தறிய ஆணின் முன்உணர்காலின் நுனி தேவைப்படுகிறது. செத்துக் கிடந்தால் முகத்தையும் அந்த நுனியையும் நெருங்கிப் படம் எடுத்து, தேதியையும் முந்தைய நாள் மழையளவையும் எழுதி வையுங்கள். மழைமானி இருக்கும் வீடுகளில் அந்தக் கணக்கு எப்படியும் நோட்டில் இருக்கும்.