மகளின் முழங்கால்



கற்பிட்டிப் பக்கத்தில் என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி, பாடசாலை வலைப்பந்தாட்டத்தில் பந்தை எட்டிப் பிடித்துத் தரையில் கால் ஊன்றியபோது முழங்கால் மடங்கி விழுந்தாள். யாரும் அவளைத் தள்ளவில்லை. அன்றிரவே மூட்டு வீங்கி விட்டது. வீட்டார் எண்ணெய் போட்டு உருவிக் கட்டி வைத்தனர். "பொம்புளப் புள்ளைக்கி இந்தப் பாய்ச்சல் என்னத்துக்கு ஹஸ்ரத்?" என்று அவளுடைய வாப்பா கேட்டார். நானும் தலையாட்டினேன். அவருடைய மகன் உதைபந்தாட்டத்தில் கையை முறித்துக் கொண்டபோது, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடியவரும் அவர்தான். கை குணமானதும் மகன் மைதானத்துக்குத் திரும்பினான். மகளோ மாதக்கணக்கில் நொண்டிய பிறகே வைத்தியரிடம் போனாள். முழங்காலினுள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது.

அதன் பின்னரே இது பற்றித் தேடிப் படித்தேன். தோள்மூட்டு விலகுவது போன்ற காயங்கள் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். ஆனால் முழங்காலின் நடுவே எலும்புகளைப் பிணைத்து நிற்கும் இந்த ஜவ்வு, உதைபந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாகக் கிழிகிறது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் ஓட முடியாது, அந்த இடத்திலேயே நின்றாக வேண்டும். அந்தத் திடீர் நிறுத்தத்தின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது.

காரணம் என்ன? பருவ வயதில் ஆண் பிள்ளைக்கு உயரத்தோடு தசையின் பலமும் கூடுகிறது. பெண் பிள்ளைக்கு அந்த அளவு கூடுவதில்லை. இடுப்பு அகல்கிறது, குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாய்கிறது. இது உடலமைப்பு. இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. மகன் சிறு வயது முதலே கடற்கரை மணலில் ஓடிப் பாய்ந்து கால்களைப் பழக்கி விடுகிறான். மகளைப் பத்துப் பன்னிரண்டு வயதோடு வீட்டில் இருத்தி விட்டு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் திடீரென மைதானத்தில் இறக்குகிறோம். பழகாத கால் என்ன செய்யும்?

இதைத் தடுக்க வழி உண்டு. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 உதைபந்தாட்ட வீராங்கனைகளிடம் நடத்திய ஆய்வு 2008 இல் வெளியானது. விளையாட்டுக்கு முன் சுமார் இருபது நிமிடம் முறையான பயிற்சி செய்த அணிகளில், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பயிற்சி பெரிதொன்றுமல்ல: ஒற்றைக் காலில் நிற்பது, பாதி குந்தி எழுவது, குதித்து முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குவது. முழங்கால் உட்பக்கம் சாயாமல் கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். இதற்கு மைதானம் வேண்டியதில்லை, வீட்டு முற்றமே போதும். சாப்பாட்டையும் கவனியுங்கள். சரியாகச் சாப்பிடாமல் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு மாதவிடாய் தடைப்பட்டு, எலும்பும் பலமிழக்கும்.

காயப்பட்டு விட்டால், 'டக்' என்ற சத்தமோ, சில மணி நேரத்தில் வீக்கமோ, நடக்கையில் கால் வழுக்குவது போன்ற உணர்வோ இருந்தால் உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இங்கிலாந்து மகளிர் உதைபந்தாட்ட அணித் தலைவி லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் இதே ஜவ்வு கிழிந்தது. அவ்வருட உலகக் கிண்ணத்தில் அவர் ஆடவில்லை. சத்திரசிகிச்சை, பொறுமையான பயிற்சி என்று மீண்டு வந்து, 2025 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணிக்கு அவரே தலைமை தாங்கினார்.

என் மாணவி மீண்டும் பந்தைத் தொடவில்லை. அவளுடைய வாப்பா கேட்டபோது நான் தலையாட்டியதற்குப் பதிலாக, "முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். மகனின் காயத்தை விளையாட்டில் சகஜம் என்கிறோம். மகளின் காயத்தை மட்டும் விளையாடியதற்குத் தண்டனையாகப் பார்ப்பது என்ன நீதி? சிந்திப்போமாக.