பங்காளி என்ற பெயர் போதுமா?

சென்னையில் கைப்பேசிச் செயலி வழியே உணவு விடுதிச் சாப்பாட்டை வீடுதோறும் கொண்டு சேர்ப்போரை நிறுவனங்கள் 'டெலிவரி பார்ட்னர்', அதாவது பங்காளி, என்று அழைக்கின்றன. வண்டியும் பெட்ரோல் செலவும் அவர்களுடையவை. கூலியை நிர்ணயிக்கும் உரிமையோ நிறுவனத்துடையது. விடுதிக்காரரும் தரகு கொடுத்தே விற்கிறார். நூல் கொடுத்துக் கூலியையும் தாமே குறித்த முதலாளிகளை அறிந்த நெசவாளர்களுக்கு இது புதிதன்று.

2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு இத்தொழிலாளருக்கென நலவாரியம் அமைத்ததை வரவேற்கிறோம். ஆயினும் இடரில் உதவும் வாரியம் தொழிலில் பங்கு தாராது. 1904-இலேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் கண்ட நகரம் இது. தொழிலாளரும் விடுதிக்காரரும் சங்கமாகக் கூடிச் செயலியைத் தாமே நடத்த முற்படல் வேண்டும். முதல் திரட்டுவது எளிதன்று, நமக்கும் எளிதாயிருக்கவில்லை. பங்குத்தொகையும் வாக்கும் உடையவரே பங்காளி என்பது நம் துணிபு.