இரண்டாவது வழி எங்கே திறக்கிறது?

தோழர்களே! ஸ்கூபா முக்குளிக்கக் கடலுக்குப் போய்ப் படகிலேயே படுத்துறங்குகிறவர்களே, அந்தப் படகுகளில் வேலை பார்க்கிறவர்களே! அடுத்த பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்.

2019 செப்டம்பர் 2, அதிகாலை மூன்று மணி கடந்த நேரம். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்து அடுக்குப் படுக்கைகளில் 33 பயணிகளும் ஒரு பணியாளரும் இருந்தார்கள். 34 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மேலே தூங்கிய ஐந்து பணியாளர்கள் மட்டும் தப்பினார்கள்.

வெளியேற வழி இல்லாமலா? இரண்டு இருந்தன. முன்புறம் ஒரு படிக்கட்டு. பின்புறம், மேல் படுக்கை மீது ஏறி உடம்பை நெளித்து நுழையவேண்டிய ஒரு சிறு திறப்பு. இரண்டும் மேலிருந்த ஒரே உணவுக்கூடத்தில்தான் போய்த் திறந்தன. எரிந்ததும் அதே கூடம். இறந்தவர்களில் சிலர் காலணி அணிந்திருந்தார்கள். விழித்திருக்கிறார்கள், எழுந்திருக்கிறார்கள், கிளம்பப் பார்த்திருக்கிறார்கள். போக இடமில்லை. புகையே கொன்றது.

வயிறு எரிகிறது தோழர்களே, அது சோதனையில் தேறிய படகு! அந்த இரண்டு திறப்புகளையும் அன்றைய விதி இரண்டு வழிகளாகவே ஏற்றுக்கொண்டது. இராக்காவலுக்கு ஆள் நிறுத்தாத கேப்டனுக்கு 2024இல் நான்காண்டு சிறை கிடைத்தது. சரிதான். ஆனால் கேப்டனைச் சிறையில் போட்டதால் எந்தப் படகிலும் புதுக் கதவு முளைத்துவிடாது.

அமெரிக்கா 2022இல் விதியை மாற்றத் தொடங்கியது: ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்க வேண்டும், அது படுக்கைக்கு மேலே இருக்கக் கூடாது. இந்த விதி அமெரிக்கப் படகுகளுக்குத்தான். 2023 ஜூனில் எகிப்தின் செங்கடலில் 'ஹரிகேன்' என்ற படகு எரிந்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். நாம் போவதும் செங்கடலுக்கும் மாலத்தீவுக்கும்தானே?

படகு கட்டுகிறவர்களே, இரண்டாவது வழியை நேராகத் திறந்த தளத்துக்குக் கொண்டுபோங்கள். இருட்டில், புகையில், தடவிக்கொண்டே ஏறமுடிகிற அகலம் கொடுங்கள். எல்லா அறைகளின் புகை எச்சரிக்கைக் கருவிகளையும் ஒன்றோடொன்று இணையுங்கள். கூடத்தில் புகைந்தால் படுக்கையறையில் அலற வேண்டும். பணியாளர்களே, இராக்காவல் இல்லாத படகை இரவில் நிறுத்தி வைக்க ஒப்பாதீர்கள். பயணிகளே, ஏறிய முதல் நாளே, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு வழிகளிலும் ஏறிப் பாருங்கள். பேட்டரிகளை இரவில் ஆளில்லாத இடத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்: 'உங்கள் இரண்டாவது வழி எங்கே திறக்கிறது?' பதில் சொல்லாத படகுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்!