பயத்தைச் சொல்ல வைக்கும் நாய்கள்

2012 டிசம்பர் 14-ஆம் தேதி அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியாகினர். தப்பிய பிள்ளைகளுக்கு ஆறுதல் தர, சில நாள்களிலேயே இல்லினாய் மாநிலத்திலிருந்து பயிற்சி பெற்ற நாய்கள் வந்தன. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இன்று இது வழக்கமாகிவிட்டது.

இந்த நாய்கள் பயத்தை விரட்டுவதில்லை. பிள்ளையைப் பேச வைக்கின்றன. நாய் கேள்வி கேட்காது, திட்டாது. அதைத் தடவிக்கொடுக்கையில் பிள்ளையின் பதற்றம் தணிகிறது, பெரியவர்களிடம் மறைத்ததும் வெளியே வருகிறது. "இதற்கும் இடிச்சத்தம் என்றால் பயம்" என்று உடன் வருபவர் சொன்னால், பயம் தனக்கு மட்டும் உள்ளதல்ல என்பது பிள்ளைக்குப் புரிகிறது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நாயைக் கண்டாலே நடுங்குவோர், ஒவ்வாமை உள்ளோர், சமயக் காரணத்தால் தொடாதோர் மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் உண்டு. பள்ளி ஆலோசகரின் பணியையும் நாய் செய்துவிடாது.

சோதனைக்கோ இருட்டுக்கோ பயப்படும் பிள்ளையிடம் "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று கேட்பது பல வீடுகளில் வழக்கம். அதனால் பிள்ளை பயத்தை மறைக்கவே பழகுகிறது. நாய் இல்லாத வீட்டிலும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கிடாமல் கேட்கலாம். அதற்குச் செலவில்லை.